முகம் தெரியாத டில்லிக்காரர்

ஆர்.கே.பேட்டைக்கு நீங்கள் போயிருக்கிறீர்களா? திருத்தணிக்கு மேற்கே, ஆந்திர எல்லையை ஒட்டினாற்போல் இருக்கும் நெசவாளர் ஊர். தெருவுக்குள் நுழைந்ததுமே தறிச் சத்தம்தான் உங்களுக்கு வரவேற்பு. இன்று விசைத்தறி, பக்கத்தில் நிற்பவரிடம் பேசுவதற்கும் கத்த வேண்டும். என் சின்ன வயதில் குழித்தறி. அதன் 'டக் டக்'குக்கு நடுவே ரேடியோ பேசினால் ஒரு வார்த்தை தவறாமல் காதில் விழும்.

என் சித்தப்பா நெசவாளர். கை, கால், கண் மூன்றும் தறிக்கு அடமானம். மிச்சம் இருந்தது காது ஒன்றுதான். திருத்தணிக்குப் போய் நாடகம் பார்ப்பதென்றால் ஒரு நாள் கூலி போச்சு. ரேடியோ நாடகமோ, நூல் அறாமல், நாடா நிற்காமல், தறி இருக்கும் இடத்துக்கே வந்துவிடும். எனவே சித்தி எவ்வளவு முணுமுணுத்தாலும், வருஷா வருஷம் தபாலாபீசில் ரேடியோ லைசென்சுக்குப் பணம் கட்டிவிடுவார்.

ஆனால் நாடகத்தைவிடச் செய்திக்குத்தான் அவரிடம் மரியாதை அதிகம். செய்தி வந்தால் தறி நின்றுவிடும்! எங்கள் வீட்டில் உள்ளே தெலுங்கு, வாசலில் தமிழ். "சுத்தமான தமிழ் வேண்டுமா? டில்லிக்காரரைக் கேளுடா" என்பார். திருத்தணி வட்டாரம் ஆந்திரத்திலிருந்து சென்னை ராஜ்யத்துக்கு 1960 ஏப்ரல் 1-ந் தேதி மாறியபோது, எங்கள் ஊர் எந்த ராஜ்யம் என்பதையே எங்களுக்கு ரேடியோதான் சொல்லிற்று என்றால் பாருங்களேன்!

சித்தப்பா 'டில்லிக்காரர்' என்று சொல்லிக் கொண்டிருந்தவர் வேறு யாருமில்லை, பூர்ணம் விசுவநாதன். டில்லிக்காரர் என்ன, திருநெல்வேலிச் சீமைக்காரர்! 1921-ல் பிறந்தவர். பதினெட்டாவது வயதிலேயே மேடை ஏறியவர். 1945-ல் அகில இந்திய ரேடியோவில் சேர்ந்து டில்லியிலிருந்து தமிழில் செய்தி வாசித்தார். அவர்கள் குடும்பத்துக்கே எழுத்தும் பேச்சும் கைவந்தவை. 'முள்ளும் மலரும்' எழுதிய உமாசந்திரன் அவருடைய சகோதரர், அவரும் ரேடியோக்காரரே. ருஷ்ய இலக்கியங்களைத் தமிழுக்குக் கொண்டு வந்த பூர்ணம் சோமசுந்தரம் இன்னொரு சகோதரர்.

நடிகர் ஒருவர் செய்தி வாசிப்பதில் உள்ள சங்கடத்தை நீங்கள் யோசித்ததுண்டா? ரேடியோ நாடகத்தில் குரல்தான் முகம், குரல்தான் வேஷம். மைக்கிலிருந்து இரண்டடி பின்வாங்கிப் பேசினால் ஆசாமி தெருக்கோடியில் நிற்கிறார். வாயைக் கிட்டே கொண்டுபோய் மெள்ளப் பேசினால் மனத்துக்குள் பேசுகிறார். கொட்டாங்கச்சி இரண்டைத் தட்டினால் குதிரை ஓடும். காகிதம் சலசலத்தாலோ, போச்சு, அரண்மனையே இடிந்து விழும்! ஒரு பெருமூச்சுக்குக்கூட அங்கே கணக்கு உண்டு. செய்தி வாசிப்பவருக்கோ பெருமூச்சே விலக்கு. வெள்ளம் வந்தாலும் வெற்றி வந்தாலும் ஒரே நிதானம்.

1947 ஆகஸ்ட் 15-ந் தேதி, நாடு விடுதலையடைந்த செய்தியைத் தமிழில் வாசித்தவர் அவர்தான். ஒரு நடிகனுக்கு இதைவிடப் பெரிய காட்சி கிடைக்குமா? ஆனால் அதில் நடிக்கக்கூடாது! தொண்டை அடைத்தாலும் அடைக்காத மாதிரி வாசிக்க வேண்டும். மேடையில் இல்லாத கண்ணீரை வரவழைப்பது ஒரு வித்தை. மைக் முன்னால் இருக்கிற கண்ணீரை விழுங்குவது அதைவிடச் சிரமமான வித்தை என்பது என் கட்சி.

டில்லியில் இருந்தபோதும் நாடகத்தை அவர் விடவில்லை. 1960-களின் நடுவில் சென்னைக்குத் திரும்பிய பிறகு சொந்தக் குழுவும் வைத்தார். சுஜாதா எழுதிய நாடகங்கள் பலவற்றை மேடையேற்றினார். 'கடவுள் வந்திருந்தார்' அவற்றில் ஒன்று. பிறர் கண்ணுக்குப் படாத விருந்தாளி ஒருவனோடு பேசிப் பேசி, வீட்டாரிடம் பைத்தியப் பட்டம் வாங்கும் ரிடயரான மனிதரின் கதை. எதிரே யாரென்று தெரியாமலே லட்சம் பேரோடு இருபது வருஷம் பேசிப் பழகியவருக்கு அந்த வேஷம் பொருந்தியதில் வியப்பென்ன?

சினிமா பிறகுதான் வந்தது. 'வறுமையின் நிறம் சிவப்பு' 1980-ல் வெளியானபோது, சித்தப்பாவைத் திருத்தணிக்கு அழைத்துப் போனேன். அதற்குள் அவருக்குக் கண் பார்வை மங்கியிருந்தது. நூலோடு மல்லாடிய கண் அல்லவா! பாதிப் படம் காதால்தான். கமல்ஹாசனின் தகப்பனாராக வந்தவர் வாயைத் திறந்ததுதான் தாமதம், சித்தப்பா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"டேய்! டில்லிக்காரர்டா!"

முன் வரிசைக்காரர்கள் திரும்பி முறைத்தார்கள். அவர் லட்சியம் செய்யவில்லை. குரலைக் கேட்டுப் பதினைந்து வருஷம் இருக்கும். அப்படியும் ஒரே வாக்கியத்தில் ஆளைப் பிடித்துவிட்டார்.

வெளியே வந்ததும் கேட்டார்: "ஆள் எப்படிடா இருந்தார்? நல்ல உயரமா? பெரிய மீசையா?"

உள்ளதை உள்ளபடி சொன்னேன். சித்தப்பா சற்று நேரம் பேசவில்லை. இத்தனை காலமும் தறிக்குப் பக்கத்தில் அவர் உட்கார வைத்திருந்த ஆறடி ஆசாமி எழுந்து போவதற்கு அவகாசம் வேண்டாமா?

"அது சினிமாவுக்குப் போட்ட வேஷமாக இருக்கும்" என்றார் கடைசியில்.

சித்தப்பா அதன் பிறகு அதிக நாள் இருக்கவில்லை. பூர்ணம் விசுவநாதன் 'வருஷம் 16' தாத்தாவாகவும் 'மகாநதி'யிலும் 'ஆசை'யிலும் தமிழ்நாட்டுக்கே தெரிந்த முகமாகி, 2008 அக்டோபர் 1-ந் தேதி காலமானார். பத்திரிகைகளில் படம் வந்தது. நான் சித்தியிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்துவிட்டு, "இவர் இல்லை. உங்கள் சித்தப்பா சொன்னவருக்கு மீசை உண்டு" என்று பேப்பரைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.