மேடைக்குக் கூப்பிடுவோம், இன்டர்வியூவுக்குக் கூப்பிட மாட்டோம்

ஒரு சிவியைப் பார்த்து நான் சிரிச்ச கதையோட இதைத் தொடங்க வேண்டியிருக்கு.

கொழும்பில நான் வேலை செய்த ஒரு இடத்தில (பெயர் வேண்டாம்) ஜூனியர் டேட்டா அனலிஸ்ட் ஒருத்தரை எடுக்க விளம்பரம் போட்டிருந்தாங்க. வந்த சிவிகளை வாசிச்சுப் பிரிக்கிற பொறுப்பு என்னிடமும் இன்னொருவரிடமும் இருந்தது. அதில ஒன்று சிரம்பியடி விலாசம். எக்ஸெல், எஸ்கியூஎல், கொஞ்சம் பைதன். புத்தளத்து மழைவீழ்ச்சித் தரவை எடுத்து, எந்த மாசங்களில உப்பு விளைச்சல் அடிபடும் என்று பார்த்த ஒரு சின்ன ப்ராஜெக்ட்டும் இருந்தது. அன்றைக்கு வந்ததில சொந்தமா ஒரு கேள்வி கேட்டு எழுதின சிவி அது ஒன்றுதான். மேல் மூலையில போட்டோ. பக்கத்தில இருந்தவர் எட்டிப் பார்த்தார். "அட, காப்பிலி! இவர் வேலைக்கு வாறாரா, பைலா ஆட வாறாரா?" என்றார்.

அறையில எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அந்த சிவி 'பிறகு பார்ப்போம்' என்ற ஃபோல்டருக்குள்ள போனது. பிறகு யாரும் பார்க்கல்ல.

நான் யார் தெரியுமா? 1990 ஒக்டோபரில வடக்கில இருந்து விரட்டப்பட்டு, கையில ஒன்றுமில்லாம புத்தளத்துக்கு வந்த முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை. 'அகதி' என்ற சொல்லை ஸ்கூலில கேட்டுக் கேட்டு வளர்ந்தவன். ஒரு சொல் எப்படிக் கதவை மூடும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்ல. அப்படியிருந்தும் சிரிச்சேன்.

சிரம்பியடி புத்தளம் டவுனுக்குப் பக்கத்தில இருக்கு. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரித்தானியர் என்று மாறி மாறி வந்தவங்க ஆப்பிரிக்காவில இருந்து, முக்கியமா மொசாம்பிக் பக்கத்தில இருந்து, கொண்டுவந்த மனிதர்களின் சந்ததி அங்க வாழுது. பலர் படைவீரர்களாக் கொண்டுவரப்பட்டவங்க. 1873இல் சிலோன் ரைபிள் படைப்பிரிவு கலைக்கப்பட்ட பிறகு ஒரு பகுதியினர் புத்தளத்தில குடியேறினாங்க. அவங்கட பழைய பேச்சு போர்த்துக்கேயக் கிரியோல். இப்ப வீட்டில பெரும்பாலும் சிங்களம், அந்தக் கிரியோல் 'மஞ்சா' பாட்டுகளில மிஞ்சியிருக்கு. நாங்க கல்யாண வீட்டில ஆடுற பைலாவின் வேரிலயும் அவங்கட தாளம் கிடக்கு.

எங்களுக்கு அவங்களைப் பற்றித் தெரிஞ்சது இவ்வளவுதான்: பாட்டு, ஆட்டம், சுருட்டை முடி. கலாசார விழா என்றால் மேடைக்குக் கூப்பிடுவோம். டீவிக்காரர் கமெராவோட போவாங்க. ஆனா அந்த மேடையில ஆடுற அக்காட மகன் காலையில எங்க வேலை தேடிப் போறான் என்று யாரும் கேட்டதில்ல.

அந்தச் சொல்லையும் பார்த்துடுவோம். அரபியில 'காஃபிர்' என்றால் நிராகரிப்பவர். வியாபாரிகள் வாயில இருந்து போர்த்துக்கேயர் வாய்க்குப் போய், தமிழில காப்பிரி, காப்பிலி என்று ஆனது. தென்னாபிரிக்காவில கறுப்பினப் பொலிஸாரை அந்தச் சொல்லால திட்டின ஒரு பெண்ணுக்கு 2018இல் சிறைத்தண்டனை கிடைச்சது. இங்க அந்தச் சமூகத்தில பலர் அதைத் தங்கட பெயராவே சொல்லுறாங்க, அது அவங்கட உரிமை. நாங்க சொல்லுறது அந்த அர்த்தத்தில இல்ல. வீட்டில கொஞ்சம் கறுத்த பிள்ளை பிறந்தா சொல்லுவோம். டொரொண்டோவில, லண்டனில பஸ்ஸுக்குள்ள கறுப்பினத்தவரைப் பார்த்து, அவங்களுக்குத் தமிழ் விளங்காது என்ற தைரியத்தில சொல்லுவோம்.

இப்ப வேலைக்கு வருவோம். டேட்டா துறை பற்றி எங்க எல்லாருக்கும் ஒரு கனவு விற்கப்படுது: "ஒரு லேப்டொப், இன்டர்நெட், ஆறு மாச கோர்ஸ். உன்ட நிறத்தை யாரும் பார்க்க மாட்டாங்க, உன்ட கோடைத்தான் பார்ப்பாங்க." பொய். 'என்ட்ரி லெவல்' என்று போட்டிருக்கிற விளம்பரத்தை முழுசா வாசிங்க. ஒன்று, இரண்டு வருட அனுபவம் கேட்கும். அந்த அனுபவம் எங்க கிடைக்கும்? இன்டர்ன்ஷிப்பில. இன்டர்ன்ஷிப் எங்க? கொழும்பில. சம்பளம் இல்லாம, இல்லாட்டி பஸ் காசுக்கும் காணாத தொகைக்கு. புத்தளத்தில இருந்து கொழும்புக்கு சுமார் 130 கிலோமீட்டர், தினமும் போய்வர ஏலாது. போர்டிங் காசு யார் கட்டுறது? இதையெல்லாம் தாண்டினாலும் நல்ல இடங்கள் விளம்பரத்துக்கு வர முதலே 'எனக்குத் தெரிஞ்ச ஒரு பொடியன்' என்று நிரம்பிடும். சிரம்பியடிப் பிள்ளைக்கு அந்த அறைக்குள்ள தெரிஞ்சவர் யார்?

இதுவரைக்கும் சொன்னது புத்தளத்து ஏழைப் பிள்ளைகள் எல்லாருக்கும் பொது. அதுக்கு மேல போட்டோ. எங்கட நாட்டில சிவி என்றால் போட்டோ, மதம், படிச்ச ஸ்கூல், சில நேரம் தகப்பன்ட தொழில்கூட இருக்கும். எஸ்கியூஎல் எழுத இதில எது உதவும்?

"நீ மிகைப்படுத்துறாய்" என்று சொல்லுறவங்களுக்கு: 2004இல் வெளியான ஓர் ஆய்வில பொஸ்டனிலும் சிக்காகோவிலும் சுமார் 5,000 கற்பனை சிவிகளை நிறுவனங்களுக்கு அனுப்பினாங்க. தகுதிகள் ஒரே மாதிரி, பெயர் மட்டும் வேற. வெள்ளையர் பெயர் இருந்த சிவிகளுக்கு கறுப்பினத்தவர் பெயர் இருந்ததை விட 50 சதவீதம் கூடுதலா அழைப்பு வந்தது. டொரொண்டோவில செய்த இதே மாதிரி ஓர் ஆய்வு 2011இல் வெளிவந்தது. இந்திய, பாகிஸ்தானிய, சீனப் பெயர்களுக்கு அங்க இதே கதி. அந்த டொரொண்டோ முடிவை நாங்க கோபத்தோட ஷேர் பண்ணுவோம். கொழும்பில சிவி பிரிக்கிற கதிரையில உட்கார்ந்தா அதே வேலையை நாங்க செய்வோம்.

சட்டம் காப்பாற்றுமா? அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை இனம், சாதி, பிறந்த இடம் பார்த்துப் பாரபட்சம் காட்டக் கூடாது என்று சொல்லுது. ஆனா அடிப்படை உரிமை வழக்கு போடலாம் என்பது அரசின் நிறைவேற்று, நிர்வாகச் செயல்களுக்கு எதிராத்தான். தனியார் கம்பனி உங்கட சிவியை போட்டோவைப் பார்த்து ஒதுக்கினா அந்தக் கதவு திறக்காது. தொழிலில பாரபட்சத்துக்கு எதிரான 111ஆம் சர்வதேச சமவாயத்தை இலங்கை 1998இல் ஏற்றது. கையெழுத்து ஜெனீவாவில இருக்கு. சிரம்பியடிக்கு இன்னும் வந்து சேரல்ல.

"அவங்க எத்தனை பேர்? ஒரு சின்னக் கூட்டம். அதுக்கு ஒரு கட்டுரையா?" இந்தக் கேள்விக்குள்ளதான் விஷயமே இருக்கு. டேட்டா வேலை செய்தவங்களுக்குத் தெரியும்: ஒரு பிரிவில எண்ணிக்கை குறைவா இருந்தா சார்ட் அழகா வரணும் என்று அதை 'வேறு' என்ற பெட்டிக்குள்ள தள்ளுவோம். 2012 குடிசன மதிப்பீட்டு அட்டவணையில சிங்களவர், தமிழர், சோனகர், பறங்கியர், மலாயர், செட்டி, பரதர் என்று வரிகள் இருக்கு. இவங்களுக்கு 'வேறு'. எண்ணப்படாதவங்களுக்கு எத்தனை பேர் ஏ.எல் பாஸ், எத்தனை பேருக்கு வேலை இல்ல என்ற கணக்கும் கிடையாது. கணக்கு இல்லாததால பிரச்சினையும் இல்ல என்று ஆகிடும். பல்கலைக்கழக அனுமதியில பின்தங்கிய 16 மாவட்டங்களில ஒன்றா புத்தளத்துக்கு இடம் இருக்கு. மாவட்டம் கணக்கில வந்ததால அந்தச் சலுகை வந்தது. மாவட்டத்துக்குள்ள யார் பின்தங்கி நிற்கிறாங்க என்று எந்தப் படிவமும் கேட்கல்ல.

அறைக்குள்ள யார் இருக்கிறாங்க என்பது வேலையின் தரத்தையும் மாற்றும். முகம் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லுற பெரிய நிறுவனங்களின் மென்பொருட்களை 2018இல் ஜோய் புவோலம்வினியும் டிம்னிட் கெப்ருவும் சோதிச்சாங்க. வெளிர்நிற ஆண்களில பிழை அதிகபட்சம் 0.8 சதவீதம். கருநிறப் பெண்களில 34.7 வரைக்கும் போனது. அதுவரைக்கும் யாரும் அப்படிப் பிரிச்சுப் பார்க்கல்ல. பார்த்தவங்க இரண்டு கறுப்பினப் பெண்கள்.

"எங்களுக்கே வேலை இல்ல" என்று சொல்லலாம். உண்மை. 2022க்குப் பிறகு எத்தனை பேர் கட்டார், துபாய் என்று போயிட்டாங்க. ஆனா வேலை குறையிற நேரத்திலதான் 'தெரிஞ்ச பொடியன்' வழக்கம் இன்னும் இறுகும். முதலில வெளிய விழுறது யாரையும் தெரியாதவன்.

ஆகவே, ஏற்கெனவே உள்ள இருக்கிற உங்களிடம் கேட்கிறேன். கம்பனி முதலாளி மாறும் வரைக்கும் காத்திருக்கத் தேவையில்ல. சிவியில போட்டோ, மதம், தகப்பன் தொழில் கேட்கிற படிவத்தை மாற்றச் சொல்லுங்க. முதலில ஒரு சின்ன டெஸ்ட் வைங்க, பெயரைப் பிறகு பாருங்க. போர்டிங் காசுக்காவது காணுற சம்பளம் இல்லாத இன்டர்ன்ஷிப் விளம்பரத்தை ஷேர் பண்ணாதீங்க. வேக்கன்சி வந்தா உங்கட பெட்ச் வட்ஸ்அப் குரூப்போட நிறுத்தாம, புத்தளத்து ஸ்கூல்களுக்கும் சிரம்பியடிக்கும் சிங்களத்திலயும் அனுப்புங்க. யாராவது அந்தச் சொல்லைச் சொன்னா சிரிக்காதீங்க. வேற ஒன்றும் ஏலாட்டி அதையாவது செய்ங்க.

நான் அன்றைக்கு அதைக்கூடச் செய்யல்ல. அந்த வேலைக்கு எடுத்தது எங்களில ஒருவருக்குத் தெரிஞ்ச ஒரு பொடியனை. மழையையும் உப்பையும் பற்றி எழுதின அந்த சிவி, நான் அந்த இடத்தை விட்டு வாற நாளிலயும் அதே ஃபோல்டரில கிடந்தது.