பெட்டிக்குள் வரும் குப்பை யார் கணக்கில்?

அண்மையில் ஒரு பேனா ரீஃபிலை இணையத்தில் வாங்கினேன். விரல் நீளப் பொருள், செங்கல் அளவு அட்டைப்பெட்டியில், காற்றடைத்த பிளாஸ்டிக் பைகளுக்கு நடுவே வந்து சேர்ந்தது. அட்டையைப் பழைய பேப்பர் வாங்குபவர் எடுத்துக்கொண்டார், பிளாஸ்டிக்கைத் தொடவில்லை. எடை இல்லாததற்கு விலையும் இல்லை. அது குப்பை வண்டிக்குப் போயிற்று.

ஒரு செயலின் செலவு அதைத் தீர்மானிப்பவரின் கணக்கில் ஏறாவிட்டால், அச்செயல் தேவைக்கு மேல் நடக்கும். பொருளியலாளர் ஆர்தர் பிகு 1920-இல் விளக்கிய பாடம் இது. பெட்டியின் அளவைத் தீர்மானிப்பது விற்கும் தரப்பு. பொருள் உடைந்தால் நட்டம் தனக்கு என்பதால் தாராளமாகச் சுற்றுகிறது. குப்பையை அகற்றும் செலவோ உள்ளாட்சிக்கு. அதாவது, இணையத்தில் எதையுமே வாங்காதவர் உட்பட வரி செலுத்தும் அனைவருக்கும்.

சட்டம் இல்லாமல் இல்லை. பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளில் 2022 பிப்ரவரியில் செய்யப்பட்ட திருத்தம், உறைகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்விக்கும் பொறுப்பை உற்பத்தியாளர், இறக்குமதியாளர், வணிகப்பெயர் உரிமையாளர் ஆகியோர்மீது சுமத்துகிறது. இணைய விற்பனைத் தளங்களும் இதில் அடக்கம். ஆனால் இரண்டு ஓட்டைகள் உள்ளன. வணிகப்பெயர் உரிமையாளர்களில் குறு, சிறு நிறுவனங்களுக்கு விலக்கு உண்டு; தளங்களில் விற்போரில் ஏராளமானோர் இவர்களே. அடுத்து, மறுசுழற்சி செய்வோரிடம் சான்றிதழ் வாங்கினாலே கடமை முடிந்துவிடுகிறது. 2023-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஆய்வில் லட்சக்கணக்கான போலிச் சான்றிதழ்கள் வெளிப்பட்டன.

உறைக் கழிவுக்கு 1991-லேயே விதி வகுத்த ஜெர்மனி, 2022 ஜூலையில் இன்னோர் அடி எடுத்து வைத்தது. உறைப் பதிவேட்டில் இல்லாத விற்பனையாளரின் பொருளைத் தளங்கள் விற்கக் கூடாது என்றது. ஆயிரக்கணக்கான சிறு வணிகர்களை அரசு துரத்த வேண்டியதில்லை. வாசலில் நிற்கும் தளமே கேட்டுக்கொள்ளும்.

நமக்கும் இதுவே பொருந்தும். ஒவ்வொரு பொட்டலத்தையும் அறிந்த ஒரே தரப்பு தளம்தான். உறையின் எடைக்கும் வகைக்கும் ஏற்ப ஒரு சிறு கட்டணத்தைத் தளமே வசூலித்து, குப்பை சேரும் உள்ளாட்சிக்கு நேரடியாகச் செலுத்தட்டும். சான்றிதழைப் போலியாக அச்சிடலாம். உள்ளாட்சியின் கணக்கில் சேரும் பணத்தை அப்படி அச்சிட முடியாது.

விலை கூடுமே என்று சிலர் கேட்கலாம். அந்த விலையை இப்போதும் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம், ரசீது இல்லாமல். ரசீதில் அது தெரியத் தொடங்கும் நாளில் ரீஃபிலுக்கேற்ற சிறு உறையும் தானாக வந்துவிடும்.