‘காலனி’: பெயர் மாறினால் போதுமா?

பெங்களூரில் ‘காலனியில் குடியிருக்கிறோம்’ என்றால் எவரும் முகம் சுளிப்பதில்லை. ஐ.டி.ஐ., எச்.ஏ.எல். போன்ற பொதுத்துறை ஆலைகள் தம் ஊழியருக்குக் கட்டிய குடியிருப்பும் காலனிதான். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது அதே சொல்லைச் சொல்லிப் பாருங்கள். ‘ஊரா, காலனியா?’ என்ற ஒரே கேள்வியில் சாதி விசாரணை முடிந்துவிடும்!

ஒரு சொல்லுக்கு ஏன் இத்தனை முகங்கள்? ஆங்கிலத்துக்கு அது இலத்தீனிலிருந்து வந்தது. அம்மொழியில் ‘கோலெரே’ என்றால் உழுதல். குடியிருத்தல் என்றும் பொருள். உழுபவன் ‘கொலோனுஸ்’. வென்ற நாடுகளில் ரோமாபுரி தன் பழைய படைவீரர்க்கு நிலம் கொடுத்துக் குடியேற்றிய ஊர் ‘கொலோனியா’. கி.பி. 50-இல் அந்தத் தகுதி பெற்ற ஊரே இன்றைய ஜெர்மனியின் கொலோன் நகரம்.

பின்னாளில் அந்தக் கொலோனுஸே நிலத்தோடு பிணைக்கப்பட்ட ஆளானான். தப்பியோட நினைப்பவனை விலங்கிடலாம் என்று கி.பி. 332-இல் கான்ஸ்டன்டைன் சட்டம் போட்டான். பண்ணையடிமை வாழ்வை உதறிவிட்டு ரயிலேறியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இந்தக் கதை புதிதா?

வெள்ளையன் ஆட்சியில் ‘காலனி’ என்பது அடிமை நாடு ஆயிற்று. நம் கிராமங்களிலோ, ஊருக்கு வெளியே தாழ்த்தப்பட்டோர் வாழும் பகுதிக்கு அப்பெயர் ஒட்டிக்கொண்டு சாதி முத்திரை ஆயிற்று. அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் இச்சொல் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரல் 29 அன்று தமிழக முதல்வர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறோம்.

ஆனால் ஒன்றை மறக்கலாகாது. ‘சேரி’யும் சேர்ந்து வாழும் இடம் என்ற நல்ல தமிழ்ச் சொல்தான். முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில், பிராமணர் ஊரின் பகுதிகளே பன்னிரண்டு சேரிகள்! அந்தச் சொல்லும் பின்னர் இழிவாக்கப்பட்டது. சேரி போய்க் காலனி வந்தது, இழிவு போகவில்லை. குற்றம் சொல்லில் இல்லை. ஊரை இரண்டாகப் பிரித்த கோட்டில் இருக்கிறது.

இங்கே நம்மில் பலர் வாழும் இடத்துக்கு ‘ஸ்லம்’ என்று பெயர். நாளை அங்கும் ‘நகர்’ என்று பலகை மாட்டலாம். பலகையால் குழாயில் தண்ணீர் வருமா? கைக்கு ஹக்குப்பத்திரம் வருமா?

ஆகவே தோழர்களே, ஊரில் கிராமசபை கூடும்போது நம் உறவினரைக் கேட்கச் சொல்வோம்: பெயரை மாற்றுகிறீர்கள், நல்லது, பட்டா எங்கே? இங்கே நாமும் கேட்போம்: ஹக்குப்பத்திரம் எங்கே? உழுபவனுக்கு நிலம், குடியிருப்பவனுக்கு மனை. அந்தப் பழைய சொல்லின் முதற்பொருளே நம் கோரிக்கை!