சத்து வேறு, சமிக்ஞை வேறு

தக்காளியில் நுனி அழுகலைத் தடுக்கக் கால்சியம் தெளிக்கச் சொல்கிறோம், தவறில்லை. ஆனால் ‘செடியின் எதிர்ப்புச் சமிக்ஞையும் இதனால் வலுப்பெறும்’ என்று அதே மூச்சில் சேர்த்துச் சொல்லும்போது இரண்டு வேறு விஷயங்களைக் குழப்பிவிடுகிறோம். செல்லின் சைட்டோசாலில் தனித்திருக்கும் கால்சியம் அயனி ஏறத்தாழ 100 நேனோமோலார்தான். செல்லுக்கு வெளியே, செல்சுவர்ப் பகுதியில், அது ஆயிரக்கணக்கான மடங்கு. பாக்டீரியாவின் கசையிழைப் புரதத்திலுள்ள 22 அமினோ அமிலத் துண்டை எஃப்எல்எஸ்2 ஏற்பி இனங்கண்டதும் சவ்வின் வாயில்கள் திறக்கின்றன. கால்சியம் உள்ளே பாய்ந்து, சில நிமிடங்களில் உச்சம் தொட்டு, வெளியேற்றும் பம்புகளால் மறுபடி தணிகிறது. செடிக்குச் செய்தி அந்த ஏற்ற இறக்கம்தான், கையிருப்பு அல்ல. அராபிடாப்சிஸ் என்ற ஆய்வுச் செடியில் ஆஸ்கா1.3, ஆஸ்கா1.7 என்ற இரு வாயில்களும் இல்லாத செடிகள் பாக்டீரியா வந்தும் இலைத்துளைகளைச் சரிவர மூடுவதில்லை என்பது 2020-இல் தெரிந்தது. கோதுமையின் எஸ்ஆர்35 எதிர்ப்புப் புரதம் இன்னும் வியப்பு: தண்டுத் துருப் பூஞ்சையின் புரதத்தைப் பிடித்ததும் அதன் ஐந்து பிரதிகள் கூடித் தாமே கால்சியம் புகும் வாயிலாகிவிடுகின்றன (2022). எதிர்ப்பு மரபணு என்று பயிர்ப்பெருக்கத்தில் நாம் கையாண்டுவந்தது ஒரு கதவை! அந்தக் கதவு எப்போதும் திறந்தே கிடப்பதும் செடிக்கு ஆகாது. நெல்லில் ராட்1 என்ற கால்சிய உணரி எதிர்ப்பை அடக்கிவைக்கிறது. அது செயலிழந்த செடிகள் குலைநோய், இலையுறைக் கருகல், பாக்டீரியா இலைக்கருகல் மூன்றையும் தாங்கின, விளைச்சலைத்தான் இழந்தன.

வெளியே கால்சியம் குறைந்தால் உள்ளே பாய எது இருக்கும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சாந்தோமோனாஸ் பாக்டீரியா சுரக்கும் பிசின் செல்சுவர்ப் பகுதியின் கால்சியத்தைக் கட்டிப்போட்டு எதிர்ப்பை மழுங்கடிக்கிறது என்று 2008-இலேயே காட்டியிருக்கிறார்கள். பற்றாக்குறை மண்ணில் சுண்ணாம்புச் சத்து கொடுப்பதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் இலைமேல் தெளித்த கால்சியம் ஃபுளோயம் வழியே அனேகமாக நகர்வதில்லை. மென் அழுகல் குறைந்தாலும் அதற்குச் சமிக்ஞைதான் காரணம் என்றாகாது. செல்சுவரில் கால்சியம் பெக்டேட் இறுகி, பாக்டீரியாவின் நொதிகளுக்கு எளிதில் கரையாமல் நிற்பதே போதிய விளக்கமாகிவிடும். இந்த இரண்டையும் பிரித்துக் காட்டாத திடல் ஆய்வு நோய் குறைந்ததைச் சொல்லலாம், ஏன் குறைந்தது என்று சொல்ல முடியாது. கால்சியம் நைட்ரேட் தெளித்த முடிவுகளை எழுதுவோர், அதே அளவு நைட்ரஜனை வேறு உப்பாகக் கொடுத்த திடலின் கணக்கையும் இலையில் அளந்த கால்சியத்தையும் சேர்த்தே கட்டுரையை அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறோம்.