மால்ட்டாவில் இத்தாலிய பாஷை: குற்றம் யாருடையது?

சிசிலித் தீவுக்குத் தெற்கே சுமார் 90 கிலோ மீட்டர் தூரத்தில், மத்தியதரைக் கடலில் மால்ட்டா என்கின்ற சிறிய தேசம் இருக்கின்றது. அங்குள்ள பள்ளிக்கூடங்களில் இத்தாலிய பாஷையை விரும்பிப் படிக்கின்ற பிள்ளைகள் குறைந்து வருகின்றார்கள் என்றும், படிக்கிறவர்களிலும் பலருக்கு நாலு வாக்கியம் பிழையில்லாமல் எழுத வருவதில்லை என்றும் பெரியவர்கள் குறைப்பட்டுக் கொள்கின்றார்கள். "இக்காலத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பில் கருத்தில்லை, கைப்பேசியே கதி" என்பது அவர்கள் கண்டுபிடித்த காரணம். பாடம் வரவில்லையென்றால் பிள்ளையை முட்டாளென்று சொல்லிவிடுவது வெகு சுலபம். ஏனென்றால் பிள்ளை எதிர்த்துப் பேசாது. ஆகவே பிள்ளையின் சார்பாக நாம் சில கேள்விகள் கேட்கின்றோம்.

இத்தாலிய பாஷை அத்தீவுக்கு நேற்று வந்ததல்ல. 1530 முதல் 1798 வரை புனித யோவான் சபைப் பிரபுக்கள் ஆண்ட காலத்திலும், 1800-க்குப் பிறகு பிரிட்டிஷார் ஆதிக்கம் வந்து வெகுகாலம் வரையிலும், சட்டத்துக்கும் கோர்ட்டுக்கும் உயர்ந்த படிப்புக்கும் அதுவே பாஷையாக இருந்தது. வக்கீலுக்கும் பாதிரிக்கும் வைத்தியருக்கும் அதுவே யோக்கியதைச் சீட்டு. ஆனால் உழுகிறவனும், வலை வீசுகிறவனும், துறைமுகத்தில் மூட்டை சுமக்கிறவனும் பேசியது என்ன? அரபியிலிருந்து கிளைத்த மால்ட்டீஸ் பாஷை. அதை அடுப்பங்கரைப் பாஷையென்று படித்த கூட்டத்தார் இகழ்ந்தார்கள். கூண்டில் நிற்கும் குடியானவனுக்குத் தன்னைப் பற்றி வக்கீல்கள் என்ன வாதாடுகின்றார்கள் என்பதே விளங்காது. தாய்ப் பாஷைக்காகப் பாடுபட்ட மிக்கேல் அந்தோன் வசல்லி என்பவர்கூட 1827-ல் மால்ட்டீஸ் இலக்கணத்தை இத்தாலிய பாஷையில்தான் எழுதி வெளியிட வேண்டியிருந்தது என்றால் நிலைமையைச் சொல்லவும் வேண்டுமா?

1934-ல் இத்தாலிய பாஷை ராஜாங்க பாஷை என்கின்ற ஸ்தானத்தை இழந்தது. மால்ட்டீஸும் ஆங்கிலமும் அவ்விடத்துக்கு வந்தன. அச்சமயம் இத்தாலிய பாஷையைச் சரளமாய்ப் பேசத் தெரிந்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 15 பேரே. ஏறக்குறைய 400 வருஷம் அதிகாரத்தோடு வீற்றிருந்து ஒரு பாஷை சம்பாதித்தது இவ்வளவுதான்!

நிற்க, அதன் பிறகு நடந்ததைப் பாருங்கள். 1940-ல் முசோலினியின் ஆகாய விமானங்கள் மால்ட்டாவின்மேல் குண்டு போட்டன. அதோடு அந்தப் பாஷைக்குத் தலைமுழுக்குத்தான் என்று யாரும் நினைப்பார்கள். ஆனால் 1950-களின் கடைசியில் இத்தாலிய டெலிவிஷன் கடலைத் தாண்டி வந்தது. கூரைமேல் ஒரு கம்பியை நட்டால் போதும். பாட்டும் பந்தாட்டமும் நாடகமும் சமாசாரமும் கூடத்துக்கே வந்து சேர்ந்தன. உபாத்தியாயரில்லை, பிரம்பில்லை, பரீட்சையில்லை. குழந்தைகள் தரையில் உட்கார்ந்து பார்த்தே அந்நிய பாஷையைக் கற்றுக்கொண்டார்கள். 2005-ல் ஐரோப்பியக் கூட்டமைப்பார் விசாரித்தபோது, நூற்றுக்கு 66 பேர் இத்தாலிய பாஷையில் பேச முடியும் என்றார்கள். அதிகாரம் 400 வருஷத்தில் செய்யாததை ஆசை 50 வருஷத்தில் செய்துவிட்டது.

அதே விசாரணை 2012-ல் நடந்தபோது 66 என்பது 56 ஆகிவிட்டது. ஏழு வருஷத்தில் ஒரு ஜனசமூகத்தின் மூளை சுருங்கிவிடுமா? மூளை சுருங்கவில்லை, வீட்டுக்குள் வரும் வேடிக்கை மாறிவிட்டது. கம்பிவழி டெலிவிஷனும், இணையமும், கைப்பேசியும் ஆங்கிலத்தைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. முன்பு பிள்ளை வீட்டிலேயே பாதி பாஷையைக் கற்றுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்தது. உபாத்தியாயர் இலக்கணத்தைத் திருத்தினால் போதுமாயிருந்தது. இன்று பிள்ளை வெறுங்கையோடு வருகின்றது. அதனிடம் போய் முதல் நாளே வினைச்சொல் அட்டவணையை நீட்டினால் அது கொட்டாவி விடாமல் வேறென்ன செய்யும்? டெலிவிஷன் செய்த வேலைக்குப் பள்ளிக்கூடம் பெயர் வாங்கிக்கொண்டிருந்தது. டெலிவிஷன் விலகியதும் சாயம் வெளுத்துவிட்டது. இதுவே நாம் காணும் உண்மை.

இனி மற்றொரு கூட்டத்தார், "ஆங்கிலம் இருக்கும்போது இத்தாலியன் எதற்கு? தொலையட்டுமே" என்கின்றார்கள். பழம்பெருமைக்காக ஒரு பாஷையைக் கட்டி அழவேண்டும் என்று நாமும் சொல்லமாட்டோம். ஆனால் இத்தாலி அவர்களுக்குப் பக்கத்து வீடு. வியாபாரம், தொழில், மேல்படிப்பு, பிரயாணம் எல்லாவற்றுக்கும் அப்பாஷை உபயோகப்படுகின்றது. பள்ளிக்கூடம் கைவிட்டால் யாருக்கு நஷ்டம்? பணக்காரன் தன் மகனுக்குத் தனி வாத்தியாரை வைப்பான். இத்தாலிக்கே அனுப்பியும் படிக்க வைப்பான். துறைமுகத் தொழிலாளியின் மகளுக்கு முன்பு கூரைக் கம்பி இலவசமாய்க் கொடுத்ததை இனிக் கொடுக்கப் பள்ளிக்கூடத்தைத் தவிர வேறு நாதி ஏது? பள்ளிக்கூடம் தவறினால், பழையபடி அது மேல்கூட்டத்தாரின் சொந்தச் சொத்தாகவே போய்விடும். எல்லோருக்கும் கிடைத்த ஒன்று மறுபடியும் சிலருக்கு மட்டும் என்று ஆவதை யோக்கியர்கள் எவரும் சம்மதிக்கக்கூடாது.

ஆகவே பிள்ளைகளை வைவதை நிறுத்திவிட்டு, பாடம் சொல்லும் முறையைச் சீர்திருத்த வேண்டும். மால்ட்டீஸ் பாஷையிலுள்ள வார்த்தைகளில் ஏறக்குறையப் பாதி சிசிலி, இத்தாலிய வார்த்தைகளிலிருந்து வந்தவை. தெரிந்த அந்த வார்த்தைகளிலிருந்து தொடங்கட்டும். முதலில் பேச்சு, பிறகு எழுத்து, அதன் பிறகு இலக்கணம் என்று நடத்தட்டும். பந்தாட்டமும் பாட்டும் சினிமாவும் வகுப்புக்குள் வரட்டும். இன்ன காரியத்துக்கு இது உதவும் என்று பிள்ளைக்கு எடுத்துக் காட்டட்டும். இவ்வளவும் செய்த பிறகும் ஒரு பிள்ளை வேறு பாஷையை விரும்பினால் அது அதன் சுதந்திரம்.

பயத்தால் படித்தது பரீட்சையோடு போய்விடும். பயன் கண்டு படித்ததே நிலைக்கும். இதை உணராமல் பிள்ளைகளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகின்றவர்கள், முதலில் தாங்கள் அந்தக் கூண்டில் ஏறிப் பதில் சொல்லட்டும் என்பதே நமது அபிப்பிராயமாகும்.