ஓதற்பிரிவும் 240 நாளும்

தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் கற்பியல் ஒரு காலக்கணக்கை வைத்திருக்கிறது. கல்வியின் பொருட்டுத் தலைவியைப் பிரியும் தலைவன் மூன்றாண்டைக் கடந்து பிரிந்திருத்தலாகாது. பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் வெளியிட்ட முனைவர் பட்ட விதிமுறைகளிலும் அதே மூன்றாண்டு இடம்பெறுகிறது. ஆனால் அங்கே அது குறைந்தபட்சக் காலம், உச்சம் ஆறாண்டு. இலக்கணம் எந்த இடத்தில் ‘போதும், வீடு திரும்பு’ என்றதோ, அந்த இடத்திலிருந்துதான் மானியக் குழு எண்ணவே தொடங்குகிறது.

இலக்கணத்தில் பிரிபவன் ஆண், காத்திருப்பவள் பெண். கல்விப் பிரிவை உயர்ந்தோர்க்கே உரியதாக வைத்ததும் அதே இலக்கணந்தான் என்பதையும் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும். இன்று அந்த வேலிகள் சரிந்துவிட்டன. மைசூரு மானசகங்கோத்ரியை எடுத்துக்கொள்ளலாம். 1969இல் தொடங்கப்பட்ட இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் அங்கே இருக்கிறது. தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகளைத் தேடி வருவோரை இழுத்த தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவும் அதே ஊரில்தான் இருக்கிறது. மொழியியலுக்கும் கல்வெட்டுக்கும் தமிழ்நாட்டிலிருந்து வந்து சேரும் ஆய்வாளர்களில் பெண்கள் பலர். அவர்களில் மணமானவர்களின் கணவர்கள் சென்னையிலோ கோவையிலோ பெங்களூரிலோ பணியில் இருப்பார்கள். வெள்ளி இரவு காவேரி விரைவு வண்டியில் ஏறுவதும், திங்கள் காலை ஆய்வரங்கிற்குக் கலைந்த தலையோடு வந்து நிற்பதும் இன்று பெண்பாலுக்கும் உரிய ஓதற்பிரிவு. பெங்களூருக்கு ஏறத்தாழ 120 கிலோமீட்டர். 2023இல் விரைவுச்சாலையும் திறந்தாயிற்று. தொலைவு குறைந்ததே ஒரு வம்பாகவும் ஆனது. ‘பக்கத்தில்தானே இருக்கிறாய், தினமும் வந்து போகலாமே’ என்று புகுந்த வீட்டில் கேட்கத் தொடங்கினார்கள்.

நிலைமை இவ்வளவு மாறியும் விதியின் வாக்கியம் மாறவில்லை. 2016 விதிமுறைகளிலும் 2022 விதிமுறைகளிலும் ஒரே கூறு தொடர்ந்து வருகிறது: திருமணத்தாலோ வேறு காரணத்தாலோ ஒரு பெண் ஆய்வாளர் இடம்பெயர நேர்ந்தால், அவருடைய ஆய்வுத் தரவுகளைப் புதிய பல்கலைக்கழகத்திற்கு மாற்றிக்கொள்ள அனுமதிக்க வேண்டும். பரிவோடு எழுதப்பட்ட விதிதான், ஐயமில்லை. ஆனால் மொழியியல் படித்தவர்கள் ஒரு வாக்கியத்தில் கூறப்பட்டதை மட்டும் பார்ப்பதில்லை. அந்த வாக்கியம் எதை முன்னரே உண்மை என்று கொண்டிருக்கிறது என்பதையும் பார்ப்பார்கள். திருமணம் இடம்பெயர்க்கும், இடம்பெயர்வது பெண். ஆண் ஆய்வாளருக்கு இணையான கூறு கிடையாது. ஒன்று, அவன் மணம் செய்துகொள்வதில்லை. இல்லையேல் மணம் அவனை அசைப்பதில்லை. மனைவிக்கு வேலை கிடைத்த ஊருக்குத் தன் ஆய்வை எடுத்துச் செல்ல விரும்பும் ஓர் ஆணை அந்த வாக்கியத்தால் கற்பனை செய்யவே இயலவில்லை.

தமிழுக்கும் இதில் பங்குண்டு. ‘இல்லாள்’ என்பதற்கு ஆண்பால் வடிவம் தேடினால் ‘இல்லான்’ வந்து நிற்கும். அதற்குப் பொருள் ஏதுமற்றவன். வீட்டை உடையவள் உண்டு, வீட்டை உடையவன் என்ற பொருளில் அந்தச் சொல் இல்லை. ‘ஆய்வாளர்’ என்று அர் விகுதி போட்டுப் பகலெல்லாம் பால் வேறுபாட்டை மறைத்துவிடுகிறோம். மாலை ஏழு மணிக்குச் சரசுவதிபுரத்தின் வாடகை வீட்டுச் சமையலறையில் அந்த விகுதி கழன்று விழுகிறது.

அந்தச் சமையலறையைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். ஆய்வாளர்களின் இல்லறம் வெறும் துயரக்கதை என்று சித்திரிப்பது பொய். களத்தில் பதிவு செய்து வந்த ஒலிக்கோப்பைக் கேட்டு எழுதிக்கொண்டிருக்கும் மனைவி, ‘இந்த வாக்கியத்தை நீ இப்படிச் சொல்வாயா, சொல்லமாட்டாயா?’ என்று கணவனைக் கேட்கிறாள். பொறியியல் படித்த அவன் தன் ஊர் வழக்கில் ஒரு பதிலைச் சொல்கிறான். அவள் மூன்று வாரமாகக் கட்டிவைத்த விதி அந்த ஒரே பதிலில் சரிகிறது. அன்றிரவு இருவரும் சாப்பிடாமல் சண்டையிடுகிறார்கள். மறுநாள் அந்தச் சான்றே அவளது மூன்றாம் இயலின் முதுகெலும்பாகிறது. இந்திய மொழியியலில் கணவன்மாரும் மனைவியரும் மாமியார்களும் ஊதியமற்ற தகவலாளர்களாக ஆற்றிய பணி தனி ஆய்வேட்டுக்குரியது. ஒலிப்பதிவின் பின்னணியில் குக்கர் மூன்றாவது முறை கூவும் கோப்புகளும் ஆவணக் காப்பகங்களில் இருக்கத்தான் செய்யும். அந்தக் குக்கரை யார் இறக்கினார் என்ற குறிப்பு மட்டும் எந்தக் காப்பகத்திலும் இராது.

அதற்கான கணக்கு அரசிடமே இருக்கிறது. 2024ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்கு 289 நிமிடம் ஊதியமின்றி உழைத்தனர். ஈடுபட்ட ஆண்கள் 88 நிமிடம். வேறுபாடு 201 நிமிடம். நாடு முழுமைக்குமான சராசரியை ஆய்வாளர் வீட்டில் அப்படியே பொருத்துவது முறையாகாது என்று புள்ளியியல் அறிந்தோர் சொல்லக்கூடும், நியாயமே. பாதியாகக் குறைத்து நூறு நிமிடம் என்று கொள்வோம். ஓராண்டுக்கு 608 மணி நேரம். எட்டு மணி நேர வேலைநாளாகப் பகுத்தால் 76 நாள். ஆறாண்டுக்கு 456 நாள். இவ்வளவு நாள் ஒருத்தியின் ஆய்விலிருந்து எடுக்கப்பட்டு மற்றொருவரின் நிம்மதியில் சேர்க்கப்படுகிறது. மானியக் குழு அவளுக்குத் திருப்பித் தருவது, பட்டக் காலம் முழுமைக்குமாக 240 நாள் மகப்பேறு மற்றும் குழந்தை பராமரிப்பு விடுப்பு. அதுவும் குழந்தை பெற்றால்.

‘ஏன், கூடுதலாக ஈராண்டு தருகிறார்களே’ என்பது அடுத்து வரும் பதில். உண்மை. ஆறாண்டு, மறுபதிவின் மூலம் மேலும் இரண்டு, பெண்களுக்கும் நாற்பது விழுக்காட்டுக்கு மேல் மாற்றுத்திறன் உடையோர்க்கும் இன்னும் இரண்டு. மொத்தம் பத்தாண்டைத் தாண்டலாகாது. ஏட்டில் தாராளமாகவே தெரிகிறது. ஆனால் உதவித்தொகையின் ஆயுள் ஐந்தாண்டு. இளநிலையில் ஈராண்டு, மாதம் 37,000 ரூபாய். முதுநிலையில் மூன்றாண்டு, மாதம் 42,000. இது தேசியத் தகுதித் தேர்வில் உதவித்தொகையோடு தேறியோரின் கதை. அது இல்லாமல் மத்தியப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தோருக்கு மாதம் 8,000. மாநிலப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் அதற்கும் உறுதியில்லை.

ஆகவே அந்தக் கூடுதல் ஈராண்டில் காலம் உண்டு, காசு இல்லை. முதுநிலை உதவித்தொகையின் விகிதத்தில் 24 மாதத்தைப் பெருக்கினால் 10,08,000 ரூபாய். இந்தத் தொகையைச் செலுத்துவது யார்? கணவனின் சம்பளம், அல்லது மாமனாரின் ஓய்வூதியம், அல்லது தாய்வீட்டு நகை. உயர்கல்வியில் பெண்களுக்கு அளிக்கப்பட்ட சலுகை என்று கணக்கில் எழுதப்படுவது உண்மையில் குடும்பம் அளிக்கும் கடன். கடன் கொடுத்தவர் வட்டி கேட்பார். ‘இன்னும் எத்தனை வருஷம்?’ என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் கேட்கப்படுவது அந்த வட்டிதான். கேட்பவர்கள் கொடியவர்கள் அல்லர். அரசு செலுத்த வேண்டியதைச் செலுத்திக்கொண்டிருப்பவர்கள்.

கணவனும் ஆய்வாளனாக இருந்துவிட்டால் நிலைமை இன்னும் கடினம். இரண்டு உதவித்தொகைகளும் சில மாத இடைவெளியில் நிற்கும். இரு தனி விடுதிகளிலிருந்து வெளியேறி ஒரு வீட்டு முன்பணத்தைத் திரட்ட வேண்டும். புதுதில்லி ஜவாகர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் மணமான மாணவர்க்கென மகாநதி விடுதி இருக்கிறது. அத்தகைய விடுதியைத் தமிழ்நாட்டிலோ கர்நாடகத்திலோ ஒரு மாநிலப் பல்கலைக்கழக வளாகத்தில் கேட்டுப்பார்த்தால், கேட்டவர் படிக்க வந்தாரா குடித்தனம் நடத்த வந்தாரா என்ற வினாவே பதிலாக வரும்.

இந்த வினாவின் மூத்த வடிவம் ஒன்றுண்டு: ‘படிப்பை முடித்துவிட்டு மணம் செய்துகொள்ள வேண்டியதுதானே?’ ஆசிரியர் அறைகளில் தேநீரோடு சேர்த்துப் பரிமாறப்படும் அறிவுரை இது. சொல்வோர் பெரும்பாலும் தம் முனைவர் பட்டத்தை நிரந்தரப் பணியில் இருந்துகொண்டே, மணவாழ்வின் நடுவில், இல்லாளின் தயவில் முடித்தவர்கள். இளநிலை உதவித்தொகைக்கான வயது வரம்பு முப்பது. பெண்களுக்கும் இடஒதுக்கீட்டுப் பிரிவினர்க்கும் ஐந்தாண்டுத் தளர்வு. இருபத்தாறில் சேர்ந்து முப்பத்திரண்டில் முடிப்பது இயல்பான கணக்கு. ஒரு மனிதர் மணந்து குழந்தை பெறும் வயதும் அதுவே. முனைவர் பட்டத்தை அந்த வயதில் வைத்தவர்கள், அந்த வயது தன் இயல்பைக் காட்டினால் ஒழுக்கக்கேட்டைக் கண்டதுபோல் முகம் சுளிக்கிறார்கள்.

இன்னோர் எதிர்வாதத்தை இவ்வளவு எளிதாகத் தள்ள முடியாது. விடுப்பையும் நீட்டிப்பையும் இருபாலர்க்கும் பொதுவாக்கினால் ஆண்கள் அதைக் கட்டுரை எழுதவே பயன்படுத்துவார்கள் என்கிறார்கள் சில பெண்ணியர். இதற்குச் சான்றும் இருக்கிறது. அமெரிக்காவின் முன்னணிப் பொருளியல் துறைகளைப் பற்றி 2018இல் ‘அமெரிக்கன் எகனாமிக் ரிவியூ’ இதழில் வெளிவந்த ஆய்வு, குழந்தை பிறந்தால் பணி நிரந்தரத்திற்கான காலத்தை இருபாலர்க்கும் நீட்டிக்கும் கொள்கையால் ஆண்களின் நிரந்தர விகிதம் உயர்ந்ததையும் பெண்களுடையது தாழ்ந்ததையும் காட்டியது. பொதுவான காலநீட்டிப்பு ஆணுக்குக் கட்டுரையாகவும் பெண்ணுக்குத் தாலாட்டாகவும் மாறிவிட்டது. ஆனால் இந்தச் சான்று எதை நிறுவுகிறது? காலத்தை மட்டும் கொடுப்பது வீண் என்பதை நிறுவுகிறது. மானியக் குழு பெண்களுக்குச் செய்வதும் அதையேதான். காப்பகமும் பணமும் உண்மையான பணி நிறுத்தமும் இன்றி ஆண்டுகளை மட்டும் வாரி வழங்கினால், அவை வீட்டில் யார் கை ஓங்கியிருக்கிறதோ அவரிடம் போய்ச் சேரும்.

பெண்ணுக்கு மட்டும் என்று வைப்பதன் விலையையும் மறைக்கலாகாது. ஆறாண்டில் முடிப்பவன், பத்தாண்டு வரை நீளக்கூடியவள் என்று இரு விண்ணப்பங்கள் நெறியாளரின் மேசையில் இருந்தால், ‘திருமணம் ஆகிவிட்டதா?’ என்ற வினா நேர்காணலில் எந்தப் பக்கத்து நாற்காலியை நோக்கி வீசப்படும் என்பதை மாணவர் அனைவரும் அறிவர். தந்தையும் தன் பங்கு விடுப்பைத் தானே எடுத்தாக வேண்டும், மனைவிக்கு மாற்றித் தர இயலாது என்று விதித்தால் அந்த வினாவின் பயன் போய்விடும்.

எஞ்சுவது நன்றியுரை. 2017இல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் புரூஸ் ஹோல்சிங்கர், பழைய அறிவுநூல்களின் முன்னுரைகளிலிருந்து ‘தட்டச்சு செய்து தந்த என் மனைவிக்கு நன்றி’ என்ற வகை வாக்கியங்களைத் திரட்டி இணையத்தில் வெளியிட்டார். பெயர்கூட இல்லாத மனைவியர் வரிசையாக வந்தனர். தட்டச்சோடு மொழிபெயர்த்தவர்களும் படியெடுத்தவர்களும் அதில் இருந்தனர். நம் ஆய்வேடுகளின் நன்றியுரைகளைப் புரட்டினால் இன்னும் சுவையான இலக்கணம் கிடைக்கும். ஆண் எழுதும் நன்றியில் மனைவி ‘பொறுத்துக்கொண்டவள்’. பெண் எழுதும் நன்றியில் கணவன் ‘அனுமதித்தவர்’. இரண்டு வினைகளுக்கும் எழுவாய் யார், செயப்படுபொருள் யார் என்று பகுத்துப் பார்ப்பது முதலாண்டு மாணவர்க்கு நல்ல பயிற்சி.

மைசூருக்கே உரிய ஓர் இணையின் வரலாறு இதற்கு மாறாக நிற்கிறது. 1929இல் இவ்வூரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ஏ.கே. இராமானுசன் 1963இல் இந்தியானா பல்கலைக்கழகத்தில் மொழியியல் முனைவர் ஆனார். தமிழின் இலக்கணமே அவரது ஆய்வேடு. அதற்கு முந்தைய ஆண்டில் மாலி டேனியல்சை மணந்திருந்தார். மாலி தாமும் நாவலாசிரியர். பிரிவும் மறுமணமும் கண்ட அந்த இல்லறத்தை அலசுவது யாருக்கும் உரிய வேலையன்று. 1993இல் இராமானுசன் மறைந்தபின் அவருடைய தொகுக்கப்படாத கவிதைகளையும் உரைநடையையும் 2001இல் கீத் ஹாரிசனோடு சேர்ந்து பதிப்பித்தவர் மாலி. 2004இன் ‘ஆக்ஸ்போர்டு இந்தியா இராமானுசன்’ தொகுப்பின் பதிப்பாசிரியரும் அவரே. அங்கே துணைவியின் உழைப்பு நன்றியுரையில் ஒளியாமல் நூலின் முகப்பில் பெயரோடு நின்றது.

கோரிக்கைகள் பெரியவை அல்ல. இடம்பெயர்வுக் கூறில் ‘பெண் ஆய்வாளர்’ என்ற தொடர் ‘ஆய்வாளர்’ என்று சுருங்க வேண்டும். 240 நாள் பெண்ணுக்கு அப்படியே இருக்க, தந்தைக்கும் மாற்ற இயலாத தனி விடுப்பு முனைவர் பட்ட விதிமுறைகளிலேயே எழுதப்பட வேண்டும். நீட்டிக்கப்படும் ஒவ்வொரு மாதத்திற்கும், உதவித்தொகை பெற்றவர், பெறாதவர் என்ற வேறுபாடின்றி, வாழ்வூதியம் தொடர வேண்டும். வளாகத்தில் ஒரு குழந்தைக் காப்பகம், மணமானோர்க்கு ஒரு விடுதி. விதிமுறைகள் 2009இல் வந்தன, 2016இல் மாறின, 2022இல் மீண்டும் மாறின. அடுத்த திருத்த வரைவு கருத்துக் கேட்புக்கு வரும்போது, ஆய்வாளர் சங்கங்கள் நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணைப் பற்றி மட்டும் மனு எழுதி அனுப்பிவிட்டு ஓய்ந்துவிடாமல், அந்த 10,08,000 ரூபாய்க் கணக்கையும் உடன் இணைத்து அனுப்பட்டும்.