பிறவாத நாட்களின் வரைபு

யூலை மாதத்து ஒரு மாலைப்பொழுதில், உயர்தர வகுப்பிற் பயிலும் மாணவி ஒருத்தி நம் இல்லம் தேடி வந்தாள். அவளுடைய தகப்பனார் நீரிழிவு நோயுடையவர். காலை உணவுக்கு முன் குருதியிற் காணும் சர்க்கரையின் அளவைச் சனவரி முதலாக ஒரு கொப்பியிற் குறித்து வருபவர். வைத்தியரிடம் காட்டும் பொருட்டு, அவ்வளவுகளைக் கணனியில் ஏற்றிப் பைதன் மொழியில் ஒரு வரைபு ஆக்கியிருந்தாள் மகள். அதுவோ ஈர்வாளின் பற்களைப் போல ஏறியும் இறங்கியும் கிடந்தது.

"ஒருநாள் மருந்து கேட்கிறது, மறுநாள் கேட்கவில்லை. மருந்தை மாற்றவேண்டுமோ, மாமா?" என்று கலங்கினாள்.

நாம் முதலில் நோக்கியது வளைகோட்டை அன்று; அதன் அடியிற் கிடந்த நாள் அச்சையே. கொப்பி யூன் மாதத்துடன் முடிந்திருந்தது. அச்சோ டிசம்பர் வரை ஓடியிருந்தது! இன்னும் பிறவாத நாட்களிற் குருதியைச் சோதித்தவர் யார்?

தகப்பனார் நம் நாட்டு வழக்கப்படி நாள், மாதம், ஆண்டு என எழுதியிருந்தார். பாண்டாஸ் என்னும் நிரற்றொகுதியோ, நாம் வேறு கூறாவிடின், அமெரிக்க வழக்கப்படி மாதத்தையே முதலிற் கொள்ளும். ஆகவே 05/04 என்னும் ஏப்பிரல் 5, மே 4 ஆயிற்று; 12/06 என்னும் யூன் 12, டிசம்பர் 6 ஆயிற்று. 13 முதலான எண்களை மாதமாகக் கொள்ளுதல் இயலாது. ஆதலால் அந்நாட்கள் தத்தம் இடத்தில் நின்றன.

2023இல் வெளிவந்த பாண்டாஸ் 2.0 முதலாக, இத்தகைய கலப்பு வாளா நிகழ்வதில்லை. முதல் திகதியின் அமைப்பையே ஏனையவற்றுக்கும் கொண்டு, பொருந்தாத திகதியைக் கண்டதும் பிழை எனக் கூறி அது நின்றுவிடும். இவளிடமும் அவ்வாறே கூறிற்று. ஆனால், அச்செய்தியிற் காட்டப்பட்ட வழிகளுள் 'மிக்ஸ்ட்' என்பதை இவள் தெரிந்துகொண்டாள். ஒவ்வொரு திகதியையும் தனித்தனியே ஊகிக்கச் சொல்லும் வழி அது. பிழைச்செய்தி மறைந்தது, பிழை மறையவில்லை. காய்ச்சல்மானியை உடைத்தாற் காய்ச்சல் நீங்குமோ?

நாள், மாதம், ஆண்டு என்னும் அமைப்பை வெளிப்படையாக எழுதிக் கொடுத்ததும் அச்சு யூனில் முடிந்தது. வளைகோடு ஏப்பிரல் நடுப்பகுதி வரை ஒழுங்காக இறங்கி, அதன்பின் சிறிது சிறிதாக ஏறிற்று. அதனைக் கண்ட தகப்பனார் சற்று நேரம் மௌனமாயிருந்தாராம். பின்னர், சித்திரை வருடப்பிறப்போடு சுகம் வந்துவிட்டதென எண்ணி, இரவுக் குளிசையைத் தாமாகவே நிறுத்தியதை ஒப்புக்கொண்டாராம். மருந்தின்மேற் குற்றமில்லை. வைத்தியரிடம் அந்த வரைபும் அந்த உண்மையும் ஒருங்கே சென்றன.

மாணவர்கள் அறியவேண்டிய பிணிகள் இன்னும் இரண்டு உள. திகதி திகதியாக மாற்றப்படாது வெறும் எழுத்தாக இருப்பின், மாட்பிளாட்லிப் அதனை ஒரு பெயராகவே கருதும். வந்த வரிசையிற் சம இடைவெளியில் அவற்றை நிறுத்தும். இடையில் இருபது நாள் அளவு எடுக்காவிடினும் அந்த வெற்றிடம் அச்சிலே தோன்றாது. பெயர்களும் ஒன்றன்மேலொன்று நெருங்கிக் கறுத்துக் கிடக்கும். அந்நெரிசலைக் கண்டால் எழுத்தைச் சாய்த்துப் பயனில்லை. முதலில் அதனைத் திகதியாக மாற்றுக.

மற்றையது, புள்ளிகள் யாவும் 1970 சனவரி 1இற் குவிதல். எக்செல் திகதியை ஓர் எண்ணாக வைத்திருக்கும். 2023 மார்ச்சு 15 அதற்கு 45000. அவ்வெண்ணை விளக்கமின்றிப் பெற்ற பாண்டாஸ், 1970இன் தொடக்கத்திலிருந்து அத்தனை நனோசெக்கன்கள் என்று கொள்ளும். எண்ணின் அலகு நாள் என்றும், தொடக்கம் 1899 டிசம்பர் 30 என்றும் கூறுதல் வேண்டும். 1900 சனவரி 1ஐ முதல் நாளாகக் கொள்ளும் எக்செலுக்கு டிசம்பர் 30 எவ்வாறு தொடக்கமாகும் என்பீர்கள். 1900 நெட்டாண்டு அன்று. எனினும், முன்னிருந்த லோட்டஸ் 1-2-3 செய்த பிழைக்கு இசைந்து, எக்செலும் அவ்வாண்டிற்கு இல்லாத பெப்ரவரி 29ஐ எண்ணுகிறது. அதனால் ஒருநாள் பின்னே செல்லவேண்டியதாயிற்று.

புதிதாகக் குறிப்பவர்கள் 2024-04-05 என ஆண்டு, மாதம், நாள் என்னும் வரிசையில் எழுதுவாராக. ஐ.எஸ்.ஓ. 8601 என்னும் சர்வதேச நியமமும் அதுவே. வரைபு ஆக்கியபின், அச்சின் முதல் நாளையும் கடைசி நாளையும் கொப்பியோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடம் ஒரு வீட்டின் கலக்கத்தை நீக்கிற்று என்பதை நாம் நேரிற் கண்டோம்.